காரியின் கழுத்துக் கயிறு

காரியின் கழுத்துப் புண்ணுக்கு வைத்தியம் சொல்லாதவர்கள் கொள்ளிடக்கரையில் இரண்டே பேர்தான். ஒன்று காரி, அது வாயில்லா ஜீவன். மற்றொன்று அதை வளர்த்த இருசம்மாள். அவள் வாய் இருந்தும் அந்த விஷயத்தில் மட்டும் திறக்கவில்லை. பாக்கி எல்லோரும் சொன்னார்கள். வேப்பெண்ணெயைக் காய்ச்சி ஊற்று என்றார்கள். குப்பைமேனியைச் சுண்ணாம்போடு கசக்கி அப்பு என்றார்கள். துப்பாக்கி மருந்தைத் தூவிக் கொளுத்தினால் சீழ் ஒரே நாளில் வற்றிவிடும் என்று ஒரு புண்ணியவான் சொன்னார். உங்கள் வீட்டு நாய்க்கு அப்படிச் செய்திருக்கிறீர்களா என்று யாரோ கேட்டதும் அவருக்கு அவசர வேலை ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

சொன்னதில் பாதியை இருசம்மாள் செய்தும் பார்த்தாள். பத்து நாள் மேலே பக்குக் கட்டும், ஆறிவிட்டது என்று தோன்றும். பதினோராம் நாள் பொத்துக்கொண்டு சீழ் வரும். மாசியில் ஆரம்பித்த புண். சித்திரை போய், வைகாசி போய், ஆனியும் பிறந்துவிட்டது. முயலைக் கண்டால் வில்லாக வளைந்து பாய்கிற நாய், சுவரோரம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

புண் ஏன் ஆறவில்லை என்று இருசம்மாளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எண்ணெய் காய்ச்சினாள்.

அதற்கு முந்தைய ஆவணியில் அவள் புருஷன் அடைக்கலம் பட்டாளத்திலிருந்து லீவில் வந்து திரும்பிப் போனான். கப்பலில் அனுப்பப் போகிறார்கள், எங்கே என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்றான். சண்டைக்குப் போகிறவன் பெண்டாட்டியைப் பார்த்து நாலு வார்த்தை பேசுவானா? அவன் கடைசி நாள் பூராவும் நாலு மாதக் குட்டியாயிருந்த காரியை மடியில் போட்டுக்கொண்டு, அதன் மார்பு அகலத்தையும் கால் நீளத்தையும் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தான். இருசம்மாளுக்கு எரிச்சலாக வந்தது. நாயாகப் பிறந்திருக்கலாம் என்றுகூட அன்றைக்கு நினைத்தாள்.

புறப்படுகிற காலையில் அவன் ஒரு காரியம் செய்தான். ஸ்ரீரங்கம் கடையில் வாங்கி வந்த புது அரைஞாண் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டான். அதற்கப்புறம்தான் பழையதைக் கழற்றினான். ஆம்பிளை இடுப்பு ஒரு நிமிஷம் வெறுமனே இருக்கக் கூடாது. உயிர் போனபிறகு குளிப்பாட்டும்போதுதான் அந்தக் கயிற்றை அறுப்பார்கள். கழற்றிய பழைய கயிற்றைக் குட்டியின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, வலை முடிச்சாகப் போட்டான். முயல் வலை பின்னுகிறவன் கை அது. அவன் போட்ட முடிச்சு இறுகவும் இறுகாது, தளரவும் தளராது.

"இருசு, நான் வந்து அவுக்கிற வரைக்கும் இது இவன் கழுத்துல கெடக்கட்டும். இது கெடக்கிற வரைக்கும் நான் எங்கேயோ இருக்கேன்னு வச்சுக்க."

அவளிடம் அவன் பேசிய பேச்சில் மனசைத் தொட்டது அது ஒன்றுதான். அதையும் நாயைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய இடம் விட்டிருந்தான். குட்டி வளரும் என்பது வேட்டைக்காரனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பொங்கலுக்குள் இன்னொரு லீவு கிடைத்துவிடும் என்று நினைத்தான். பொங்கல் வந்தது, அவன் வரவில்லை. குட்டி மட்டும் ஒரு நாளும் நிற்காமல் வளர்ந்தது.

மாசி மாதம் அடைக்கலத்தின் தம்பி பிச்சமுத்து காரியை முதல் வேட்டைக்குக் கூட்டிப்போனான். இரண்டு முயலோடு திரும்பினார்கள். காரியின் தொண்டையில் ரத்தம் வழிந்தது. "காரமுள்ளுப் புதருக்குள்ள பாய்ஞ்சுட்டான் அண்ணி, முள்ளு கிழிச்சிருச்சு" என்று பெருமையாகச் சொன்னான் பிச்சமுத்து. இருசம்மாள் முள் எடுக்க உட்கார்ந்தாள். மயிரை விலக்கிக்கொண்டே போன விரல் பிடரிப் பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. பள்ளத்துக்குள் கயிறு இருந்தது. தோல் இருபக்கமும் தடித்து அதன்மேல் மூடத் தொடங்கியிருந்தது. முள் கிழித்ததெல்லாம் கீழே தொண்டைப் பக்கம் கயிற்றை ஒட்டிய ஒரு கீறல்தான்.

"அண்ணன் ஏதோ கட்டிவிட்டுப் போனாரே, அது இருக்கா?" என்று கேட்டான் பிச்சமுத்து.

அது மட்டும் வேறு நாளாக இருந்திருந்தால் அவள் உள்ளதைச் சொல்லியிருப்பாள். ஆனால் சிங்கப்பூர் விழுந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சாயிருந்த வாரம் அது. அடைக்கலம் சிங்கப்பூரில் இருந்தான் என்று அவன் யாரையோ எழுதச் சொல்லி அனுப்பிய கடைசிக் கடிதத்திலிருந்து ஊகித்திருந்தார்கள். செத்தவர்கள் எத்தனை, பிடிபட்டவர்கள் எத்தனை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த வாரத்தில் போய் அவனுடைய அரைஞாண் கயிற்றை அறுப்பதா?

"அது எப்பவோ இத்து விழுந்துருச்சு தம்பி" என்றாள்.

அப்புறம் அந்தப் பொய்யை அவள் கட்டிக் காக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு நாளும் வெந்நீரில் துணியை நனைத்துப் புண்ணைத் துடைப்பாள். துடைக்கிற சாக்கில் விரலை உள்ளே விட்டுப் பிடரியில் அந்த முடிச்சைத் தேடுவாள். சீழுக்கும் சதைக்கும் நடுவில் கெட்டியாக, மிளகுபோல அது தட்டுப்படும். அவன் விரல்கள் இந்த வீட்டில் கடைசியாகச் செய்த வேலை அதுதான். தொட்டதும் காரி ஒரு முனகல் முனகும், ஆனால் கடிக்காது. கடித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

ஆனி பாதியில் வேறு வழியில்லாமல் திருச்சிராப்பள்ளி மாட்டாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். கொள்ளிடக்கரையிலிருந்து ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, காவேரிப் பாலத்தைத் தாண்டி, ஊருக்குள் நடக்க வேண்டும். டாக்டர் முசிறிப் பக்கம் மாட்டுக்கு ஊசி போடப் போயிருந்தார். கம்பவுண்டர் சேஷுதான் இருந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், நெற்றியில் பளிச்சென்று திருமண். காலையில் நாய்ப் புண்ணைத் தொட்டுவிட்டுச் சாயங்காலம் காவேரியில் முழுகாமல் வீட்டுக்குள் போக முடியாதென்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரைக் கேலி செய்வார்கள். தொடுகிறபோது மட்டும் அவர் முகம் சுளித்ததில்லை.

"மேலே மூடிண்டு உள்ளே பழுக்கறது" என்றார் சேஷு. "இப்படி வந்தா உள்ளே ஏதோ இருக்குன்னு அர்த்தம். முள்ளு முனை, எலும்பு, கம்பி. கழுத்திலே ஏதாவது கட்டியிருந்தியோ?"

"இல்லீங்க சாமி."

"பட்டை? சங்கிலி?"

"எதுவும் கட்டலீங்க. முள்ளு கிழிச்சதுதான்."

அவர் சலாகைக் கம்பியை எடுத்துத் தொண்டைப் பக்கம் துழாவினார். இருசம்மாள் நாயின் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை பிடரியை முழுக்க மூடியிருந்தது. அவர் தேடுகிற திசைக்கெல்லாம் அவள் கையும் நகர்ந்தது. முள் ஒன்றும் அகப்படவில்லை; தொண்டைப் பக்கம் கயிற்றின்மேல் அதற்குள் தோல் மூடித் தடித்திருந்தது. காய்ப்பாக இருக்கிறது, தழும்பு போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் லைசால் தண்ணீரில் அலம்பி, அயோடின் டிங்க்சரைத் தடவி, போரிக் பவுடரைத் தூவினார். சீக்கிரம் ஆற்றுகிற புது மருந்துத்தூள் ஒன்று வந்திருக்கிறதாம். அதெல்லாம் இப்போது பட்டாளத்துக்குப் போகிறது என்றார். பட்டாளம் என்று கேட்டதும் இருசம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வாரத்துக்கு இரண்டு தரம் நடந்தாள். அஞ்சு வாரமும் அவர் அலம்பி, தடவி, தூவினார். புண் இன்னும் அகலமாயிற்று. ஆடி பிறந்து மழைச்சாரலும் ஈயும் வந்தபோது புழு வைத்தது. கற்பூரத்தை எண்ணெயில் கரைத்து ஊற்றிப் புழுவை எடுத்தார் சேஷு. காரி சோற்றுப் பக்கம் போவதை நிறுத்தியது. காது மடல் எப்போதும் கொதித்தது.

"உள்ளே இருக்கிறதை எடுக்கணும், இல்லேன்னா விஷம் ரத்தத்திலே ஏறிடும். அப்புறம் என் கையிலே ஒண்ணுமில்லை, பெருமாள் விட்ட வழி" என்றார் சேஷு. "திங்கட்கிழமை கூட்டிண்டு வா. கழுத்தைச் சுத்தித் திறந்து பாத்துடறேன்."

திங்கட்கிழமை ஆடிப்பெருக்கு. அதற்கு முதல் நாள் பிச்சமுத்து வந்தான். காரியின் பக்கத்தில் குந்தி அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்தான். கை மூக்குப் பக்கம் போனதும் நாற்றம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது நாற்றத்தினால் இல்லை.

"பெருக்கு கழியட்டும் அண்ணி. அப்புறம் நான் கொண்டுபோய் ஒரே அடியில முடிச்சிடறேன். அண்ணன் இருந்தா அவரும் அதத்தான் செய்வாரு."

"'இருந்தா'ன்னு சொல்லாத" என்று சீறினாள் இருசம்மாள். அவன் பயந்து எழுந்துவிட்டான்.

ராத்திரி அவள் தூங்கவில்லை. கயிறு போனால் அவன் போனான் என்று மனசின் ஒரு பக்கம் அடித்துச் சொன்னது. காரி போனால் அப்புறம் கயிறு எதில் கிடக்கும் என்று இன்னொரு பக்கம் கேட்டது. இரண்டும் சரியாகத்தான் பட்டது. விடிந்ததும் நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். திறந்து பார்க்க விடுவதா வேண்டாமா என்று பாதி தூரம் வரையில் அவளுக்கே தெரியாது.

அம்மா மண்டபத்தின் வாசலில் ஜனம் நெரிந்தது. காவேரி இரு கரையும் தொட்டுச் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. காரியால் மேலே நடக்க முடியவில்லை. படித்துறை ஓரம் படுத்துவிட்டது. இருசம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாலைந்து படிக்குக் கீழே கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண் ஒருத்தி மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தாள். அவசரக்காரி. பழைய தாலிக் கயிற்றை முதலில் கழற்றப் போனாள். கூட இருந்த மாமியார் அவள் கையில் பட்டென்று ஒன்று போட்டாள்.

"புதுச கட்டிக்கிட்டு அப்புறம் பழசக் கழட்டுடி. கழுத்த வெறுமனே விடறதாவது!"

இருசம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

அவனும் அப்படித்தானே செய்தான்? புதியதை இடுப்பில் கட்டிக்கொண்டுதானே பழையதைக் கழற்றினான்? அவள் கண்ணுக்கு முன்னால்தான் செய்தான். கழற்றினதால் அவனுக்கு என்ன ஆயிற்று? இத்தனை மாதமாகக் கழற்றுவதைப் பற்றியே நினைத்துக் குமைந்தாளே தவிர, கட்டுவதைப் பற்றி ஒரு நாளும் நினைக்கவில்லை. தன் தலையில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. அடித்தும் கொண்டாள். பக்கத்தில் காதோலை கருகமணி விற்றுக்கொண்டிருந்தவள் இவளுக்கு என்ன கேடு என்று பார்த்தாள்.

கருகமணி விற்றவளிடமே கறுப்புக் கயிறும் இருந்தது. ஒன்று வாங்கினாள். நாயின் கழுத்தில் இனி எதையும் கட்ட முடியாது. தன் இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு வலை முடிச்சுப் போட்டாள். அடைக்கலத்தோடு உட்கார்ந்து எத்தனையோ வலை பின்னியவள்தான் அவளும். 'இதுல நீங்க இருக்கீங்க' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். அப்புறம் காரியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தில் நடந்தாள். அது ஒரு காலத்தில் அவளால் தூக்க முடியாத நாயாக இருந்தது.

ஆடிப்பெருக்கென்று மாட்டாஸ்பத்திரிக்கு லீவு கிடையாது. சேஷு கத்தியைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, கழுத்துல கயிறு இருக்குங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். "என்ன கயிறு?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"அஞ்சு வாரமா நான் கயித்துக்குன்னா டிங்க்சர் தடவிண்டிருக்கேன்! வாயில்லாத ஜீவனை இப்படிப் போட்டு வதைப்பாளா ஒருத்தி? நேரே கேட்டேனே, இல்லேன்னியே!" என்று கத்தினார். மூச்சு வாங்கிக்கொண்டு அவள் மணிக்கட்டைப் பார்த்தார். அப்புறம் கத்தவில்லை. "கெட்டியாப் பிடிச்சுக்கோ. இந்தத் தடவை கையை நகத்தாதே" என்று மட்டும் சொன்னார்.

காரியின் வாயைத் துணியால் கட்டினார்கள். சேஷு வெதுவெதுப்பான நீரை ஊற்றிக்கொண்டே மூடியிருந்த தோலைப் பிடரிவரை மெல்லத் திறந்தார். சதைக்குள்ளிருந்து கயிற்றை இடுக்கியால் நெம்பித் தூக்கினார். கறுப்புக் கயிறு பழுப்பாக ஊறியிருந்தது. இருசம்மாள் முடிச்சின் ஒரு இழையை நகத்தால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. அவிழ்க்க முடிந்தால் அறுக்க வேண்டாமே என்ற ஆசை. நாய் உடம்பு முழுக்க நடுங்கியது.

"போதும்மா, தாங்காது அது" என்றார் சேஷு.

"கத்திரிக்கோலக் குடுங்க சாமி."

"நான் வெட்டறேன்."

"கட்டினவரு இங்க இல்ல. நான்தான் வெட்டணும்."

முடிச்சுக்கு எதிர்ப்புறத்தில் கத்திரியை வைத்தாள். நறுக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சேஷு கயிற்றை மெதுவாக உருவ, காரி நீளமாக ஒரு மூச்சு விட்டது. ஆறு மாதமாக அது அப்படி மூச்சு விட்டு அவள் கேட்கவில்லை. அதற்கப்புறம்தான் அவள் அழுதாள். நாயின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி என்றும் பாராமல், வாய்விட்டு அழுதாள். சேஷு தன் வேலையைப் பார்க்கிறவர்போல ஒவ்வொரு புட்டியாக மூடிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது ஆற்றில் எல்லோரும் பழைய கயிறுகளை விட்டுக்கொண்டிருந்தார்கள். இருசம்மாளும் பாலத்தின் நடுவில் நின்று முந்தானையிலிருந்து அந்தக் கயிற்றை எடுத்தாள். முடிச்சைப் பார்த்தாள். மறுபடியும் முந்தானையிலேயே முடிந்துகொண்டாள்.

புண் இந்தத் தடவை அடியிலிருந்து ஆறியது. ஆவணி முடிவதற்குள் காரி சோற்றுச் சட்டியை நக்கிப் புரட்டியது. ஐப்பசியில் பிச்சமுத்துவோடு வேட்டைக்குப் போயிற்று. கறுப்பு நாயின் கழுத்தில் கயிறு கிடந்த தடம் முழுக்க வெள்ளை மயிர் முளைத்து ஒரு வளையமாக நின்றது. பார்க்கிறவர்களெல்லாம் பட்டை கட்டியிருக்கிறது என்று நினைத்தார்கள். இருசம்மாள் சில நாள் விரலால் அந்த வளையத்தைச் சுற்றி வருவாள். அதில் முடிச்சு இல்லை. முடிச்சு இல்லாததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வருஷம் ஒன்று ஓடிற்று. அடுத்த புரட்டாசியில் தபால்காரர் ஒரு அட்டை கொண்டுவந்தார். ஜப்பான்காரன் கைதி முகாமிலிருந்து வந்திருக்கிறது என்றார். அட்டை முழுக்க இங்கிலீஷ். அடியில் கோணல்மாணலாக ஒரு தமிழ்க் கையெழுத்து. அவளுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் அந்தக் கோணல் தெரியும். பட்டாளத்தில் சேர்ந்தபிறகு அவன் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். ஊரே கூடிக் கொண்டாடியது. பிச்சமுத்து தெருவில் வருகிற போகிறவனையெல்லாம் கட்டிப் பிடித்தான். இருசம்மாள் அட்டையை மடியில் செருகிக்கொண்டு, காரி முன்னால் ஓட, மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தாள். இங்கிலீஷ் தெரிந்தவர்களில் அவள் நம்புகிறவர் ஒருவர்தான்.

சேஷு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "யாரோ எழுதிக் கொடுத்திருக்கான். 'கைதியாக இருக்கிறேன். உடம்பு சௌக்கியம். கவலைப்பட வேண்டாம். நாய் எப்படி இருக்கிறது?' அவ்வளவுதான்."

"என்னைக் கேக்கலீங்களா?"

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கேக்கலையேம்மா."

இருசம்மாள் சிரித்துவிட்டாள். அவனேதான். வேறொருவனாக இருந்தால் பெண்டாட்டியைக் கேட்டிருப்பான். அப்புறம் அவள் சிரிப்பு நின்றது.

"தேதி போட்டிருக்குங்களா சாமி?"

சேஷு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஜூன் இருபது. போன வருஷம்."

போன வருஷம் ஆனி. கயிற்றை அறுத்தது ஆடிப்பெருக்கன்று. அவன் இதை எழுதியபோது காரியின் கழுத்தில் கயிறு இருந்தது. அறுத்தபிறகு அவன் இருக்கிறானா என்று இந்த அட்டைக்குத் தெரியாது. இருசம்மாள் குனிந்து காரியின் பிடரியைத் தடவினாள்.

"நான் வேற தேதி சொல்லியிருக்கலாம்" என்றார் சேஷு. "நீ ஒரு பொய் சொல்லி இது பட்ட பாட்டைப் பாத்தவன் நான். மனசு வரலை."

"தெரிஞ்சுதாங்க உங்ககிட்ட கொண்டாந்தேன். பதில் எழுதலாங்களா?"

"எழுதலாம். இருபத்தஞ்சு வார்த்தைக்கு மேலே கூடாதாம், இங்கிலீஷ்லே எழுதணுமாம். சொல்லு."

"காரி நல்லாருக்கான்."

"ம்."

"கயித்த நான்தான் அறுத்தேன்."

பேனா நின்றது. "இதையா எழுதறது? அங்கே என்ன நிலைமையிலே இருக்கானோ."

"எழுதுங்க சாமி. வந்து என்னைத் திட்டச் சொல்லி எழுதுங்க." அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். ஒரு வருஷத்து வேலையில் கறுப்புக் கயிறு சாம்பல் நிறமாகியிருந்தது. "புதுசு ஒண்ணு என் கையில கட்டியிருக்கேன், அதை அவருதான் வந்து அவுக்கணும்னும் எழுதுங்க."

சேஷு எழுதி முடித்து, பேனா முனையால் ஒவ்வொரு வார்த்தையாகத் தொட்டு எண்ணினார். "இன்னும் அஞ்சாறு வார்த்தைக்கு இடம் இருக்கு. உன்னைப் பத்தி ஏதாவது எழுதேன்."

காரி வாசலில் நின்று போகலாமா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"வேணாங்க" என்றாள் இருசம்மாள். "அது அஞ்சாறு வார்த்தையில அடங்காது. அவரு வரட்டும், நேர்ல சொல்லிக்கிறேன்."